ஆலயப் பிரவேசமும் நம் கடமையும்

திருவண்ணாமலை ஜில்லா தென்முடியனூரில் ஆதிதிராவிட மக்கள் ஏறக்குறைய 80 வருஷங்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்கு வெளியே நின்றனர். 2023-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதியன்று, கலெக்டரும் போலீஸாரும் துணை நிற்க, உள்ளே சென்று வழிபட்டனர்.

இதனை அயலார் விஷயமென்று நாம் எண்ணலாகாது. கமுதி ஆலயத்துள் 1897-ல் நம் நாடார் குலத்தார் பிரவேசித்தமைக்காக வழக்கு நேர்ந்தது; 1908-ல் பிரிவி கவுன்ஸிலும் நமக்கு விரோதமாகவே தீர்ப்பளித்தது. 1939 ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாக்ஷியம்மன் சந்நிதிக்கு வைத்தியநாதய்யர் அழைத்துச் சென்றோருள் கக்கன் முதலிய ஆதிதிராவிடர் ஐவரும் நாடார் ஒருவரும் இருந்தனர். அன்று நமக்கும் அவர்களுக்கும் திறந்தது ஒரே கதவு.

1947-ல் இயற்றப்பட்ட சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் அவ்வுரிமையைச் சகல ஹிந்துக்களுக்கும் அளித்தது. 1950 ஜனவரி 26-ல் அமுலுக்கு வந்த அரசியல் சாசனம் தன் 17-வது ஷரத்தினால் தீண்டாமையை ஒழித்தது. அங்ஙனமிருந்தும் தென்முடியனூரார் 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. ஊராரின் சம்மதமில்லையேல் சட்டமும் வாசற்படியிலேயே நின்றுவிடும் என்பது இதனால் விளங்கும்.

ஆகலின், நம்மவர் தர்மகர்த்தர்களாயுள்ள ஆலயங்களில், போலீஸார் வருமுன்னரே நாமே அச்சோதரர்களை எதிர்கொண்டழைத்தல் வேண்டும். கமுதியில் நாம் பட்ட அவமானத்தைப் பிறர்க்கு இழைப்போமாயின், நம் முன்னோர் பட்ட பாடெல்லாம் வீணேயாம்.