90 பேரும் ஒரு கோச்சும்

1951 ஆகஸ்ட் 3ஆம் தேதி அமெரிக்க ராணுவம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேர்வில் ஏமாற்றியதற்காகச் சுமார் 90 மாணவர்கள் நீக்கப்படுகிறார்கள். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த வருடம். அந்தக் கல்லூரியை முடிக்கிற பையன்கள் நேராகப் போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ராணுவம் பெயர்களைச் சொல்லவில்லை. ஆனாலும் நீக்கப்பட்டவர்களில் 37 பேர் கல்லூரியின் ஃபுட்பால் அணிக்காரர்கள் என்பது உடனே வெளியே வந்துவிட்டது. அணியின் குவார்ட்டர்பேக் பாப் பிளெய்க்கும் அதில் ஒருவர். அவருடைய அப்பா ஏர்ல் பிளெய்க்தான் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைக்க வேண்டாம். இது ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஆளை ஆள் முட்டித் தள்ளுகிற அமெரிக்க ஆட்டம். அங்கே கல்லூரி ஆட்டம் என்பது நம்மூர் இண்டர் காலேஜ் மேட்ச் மாதிரி நூறு பேர் பார்க்கிற சமாச்சாரம் கிடையாது. லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள் உண்டு. பல மாகாணங்களில் கவர்னரைவிட கோச்சைத்தான் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும்.

'ரெட்' பிளெய்க் 1941இல் வெஸ்ட் பாயிண்டுக்கு கோச்சாக வந்தார். அதே கல்லூரியில் 1920இல் படித்து முடித்தவர். கொஞ்ச காலம் குதிரைப்படையில் இருந்துவிட்டு ராஜினாமா செய்தவர். 1944, 1945 இரண்டு வருடமும் அவருடைய அணிதான் தேசிய சாம்பியன். 1950 டிசம்பரில் கடற்படைக் கல்லூரியிடம் 14-2 என்று தோற்கும்வரை, தொடர்ந்து 28 ஆட்டங்களில் அந்த அணி தோற்கவே இல்லை. அவருடைய உதவிக் கோச்சுகளில் ஒருவர் வின்ஸ் லொம்பார்டி. இன்றைக்கு சூப்பர் பௌல் கோப்பைக்கே அவர் பெயர்தான்.

சரி, ஏமாற்றுவேலை எப்படி நடந்தது? வெஸ்ட் பாயிண்ட் மாணவர்கள் இரண்டு ரெஜிமெண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு ரெஜிமெண்ட் இன்றைக்குத் தேர்வு எழுதும், மற்றது நாளைக்கு. கேள்வித்தாள் பெரும்பாலும் அதேதான். காலை பேட்ச் லேபிலிருந்து வெளியே வருகிறவனை மதிய பேட்ச் பையன் ஓரங்கட்டி "என்னடா கேட்டாங்க?" என்பானே, அதுதான். இதற்கு பெரிய சதித்திட்டமெல்லாம் தேவையில்லை. கேள்விகளை முதல் நாள் எழுதியவன் இரண்டாம் நாள் எழுதப்போகிறவனுக்குச் சொல்வான், அடுத்த முறை இவன் அவனுக்கு. மாலையெல்லாம் மைதானத்தில் கிடந்துவிட்டு இரவில் களைத்துப் படிக்க உட்காரும் விளையாட்டுக்காரர்களுக்கு மற்ற மாணவர்கள் டியூஷன் எடுக்கும் வழக்கமும் இருந்தது. கேள்விகள் அந்த டியூஷன் வழியாகவும் கசிந்தன.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் வரும். ஒரே கேள்வித்தாளை இரண்டு நாள் கொடுத்தது நிர்வாகம். அதற்கு அவர்கள் வைத்திருந்த பூட்டு 'கௌரவ நெறி' ஒன்றுதான். வெஸ்ட் பாயிண்ட் மாணவன் பொய் சொல்ல மாட்டான், ஏமாற்ற மாட்டான், திருட மாட்டான். அப்படிச் செய்கிறவனைத் தெரிந்தும் சும்மா இருந்தால் அதுவும் குற்றம். இதில் நடுத்தரத் தண்டனை என்று ஒன்று இல்லை. மீறினால் வீட்டுக்கு.

1951 ஏப்ரலில் ஒரு மாணவன் விஷயத்தைக் கல்லூரியின் கமாண்டண்ட் பால் ஹார்கின்ஸிடம் கொண்டுபோனான். ஹார்கின்ஸ் உடனே யாரையும் பிடிக்கவில்லை. அந்த வட்டத்துக்குள் நுழைந்து பெயர்களைத் திரட்டச் சொல்லி மாணவர்களையே உளவு பார்க்க வைத்தார். பிறகு விசாரணைக் குழு அமைந்தது. (இதே ஹார்கின்ஸ்தான் பத்து வருடம் கழித்து வியட்நாமில் அமெரிக்கப் படைத் தலைமைக்குப் போனார். போர் பிரமாதமாகப் போகிறது என்று வாஷிங்டனுக்கு இனிப்பான அறிக்கைகள் அனுப்பியதற்காகப் பத்திரிகையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வரலாற்றுக்கு இப்படி ஒரு நக்கல் உண்டு.)

விசாரணைக்கு அழைக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் தங்கள் கோச்சிடம் போய் நின்றார்கள். என்ன சொல்வது? பிளெய்க் சொன்ன பதிலின் சாரம், உள்ளதை அப்படியே சொல்லுங்கள் என்பது. மகனுக்கும் அதே பதில்தான். பையன்கள் போனார்கள், சொன்னார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. தங்கள் சொந்த வாக்குமூலத்தால் மாட்டியவர்கள் அவர்களில் நிறைய பேர். கேள்வியைக் கடத்தியவன், வாங்கியவன், தெரிந்தும் பேசாமல் இருந்தவன் என்று எல்லோருக்கும் ஒரே தண்டனை. பொய் சொல்லாதே என்ற பாதியைக் காப்பாற்றியதால், ஏமாற்றாதே என்ற பாதியை மீறியது தெரியவந்தது.

தண்டனை சரியா என்று பார்க்க, நீதிபதி லெர்னட் ஹேண்ட் தலைமையில் மூவர் குழு ஒன்றை ராணுவம் நியமித்தது. அமெரிக்க நீதித்துறையில் மிகப்பெரிய பெயர் அவருடையது. நீக்கத்தான் வேண்டும் என்று குழு சொன்னது. செனட்டில் ஃபுல்பிரைட், ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் ஃபுட்பாலையே நிறுத்திவைக்க வேண்டும் என்றார்.

கோச்சை என்ன செய்தார்கள்? ஒண்ணும் செய்யவில்லை.

பிளெய்க்குக்கு விஷயம் முன்பே தெரியும் என்பதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் அணியே கிட்டத்தட்ட காலியாகிற அளவுக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. அந்த அணியை நடத்தியவர் மட்டுமில்லை, கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கே தலைவரும் அவர்தான். தெரிந்தும் பேசாத 19 வயதுப் பையனுக்குத் தண்டனை உண்டு. தெரிந்திருக்க வேண்டிய 54 வயதுக்காரருக்குக் கேள்விகூட இல்லை. கௌரவ நெறி மாணவர்களுக்கானது, கோச் மாணவரில்லை. கணக்கு அவ்வளவுதான்.

நியாயமாகச் சொன்னால், பிளெய்க் ஓடி ஒளியவும் இல்லை. நியூயார்க்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இவர்கள் நல்ல பையன்கள் என்று வெளிப்படையாக வாதாடினார். ராஜினாமா செய்துவிடலாம் என்று நினைத்து டக்ளஸ் மெக்கார்தரைப் பார்க்கப் போனார். ட்ரூமன் பதவியைப் பறித்த பிறகு மெக்கார்தர் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் குடியிருந்தார். குண்டு விழும்போது களத்தைவிட்டுப் போகாதே என்ற பொருளில் அவர் சொன்ன அறிவுரையைக் கேட்டுத்தான் பிளெய்க் தங்கினார். பிளெய்க் மாணவராக இருந்த காலத்தில் அதே கல்லூரியின் தலைவர் மெக்கார்தர். விளையாட்டை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்கியவர் அவர். கௌரவ நெறியைக் கண்காணிக்கும் மாணவர் குழுவை 1922இல் முறைப்படி அமைத்தவரும் அவரேதான். இரண்டு மரங்களையும் நட்டவரிடம்தான் பிளெய்க் யோசனை கேட்டிருக்கிறார்.

அந்த வருடம் மிச்சமிருந்த பையன்களை வைத்து ஆடிய அணி 9 ஆட்டங்களில் 2 ஜெயித்தது. 1958இல் ஒன்றில்கூடத் தோற்காத அணியோடு பிளெய்க் விடைபெற்றார். 1986இல் ரீகன் கையால் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம். 1999இல் மைதானத்துக்கே 'பிளெய்க் ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் சிலர் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க, பெயரை வெளியே சொல்லாமல் ஒரு பணக்காரர் செலவு செய்தார். ஜான் எஃப். கென்னடியின் அப்பா ஜோசஃப் கென்னடி.

இந்தப் பழங்கதையை நான் தோண்டியதற்குக் காரணம் மிச்சிகன். 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் கானர் ஸ்டேலியன்ஸ் என்ற ஊழியர், எதிரணிகளின் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கி ஆள் அனுப்பி, அவர்களுடைய கோச்சுகள் களத்துக்கு வெளியிலிருந்து காட்டும் கை சைகைகளை போனில் படம் பிடிக்க வைத்தது வெளிவந்தது. ஆட்டத்தின்போது பார்த்துச் சைகையைப் புரிந்துகொள்வது தப்பில்லை. எதிரணி ஆடும் இடத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி வேவு பார்ப்பதுதான் 1994இலிருந்து தடை. ஆள் அனுப்பக் காசில்லாத சின்னக் கல்லூரிகளை மனதில் வைத்துக் கொண்டுவந்த விதி அது.

1951இல் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. கீழே வேலை செய்கிறவர் செய்யும் தப்புக்குத் தலைமைக் கோச் தானாகவே பொறுப்பு என்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ அந்த வருட ஜனவரியில்தான் விதியை இறுக்கியிருந்தது. ஆக, கோச் ஜிம் ஹார்பா தப்ப முடியாது. என்சிஏஏ விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல், மிச்சிகன் ஆடும் பிக் டென் லீக் நவம்பர் 10ஆம் தேதி அவரை மூன்று ஆட்டங்களுக்கு விலக்கியது. மறுநாள் ஆட்டத்துக்காக அணி பென்சில்வேனியாவுக்குப் பயணப்பட்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது. தண்டனையின் அழகைப் பாருங்கள்: ஆட்ட நாளில் மட்டும் மைதானத்துக்கு வரக்கூடாது. திங்கள் முதல் வெள்ளி வரை பயிற்சி கொடுக்கலாம், திட்டம் போடலாம். சனிக்கிழமை டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

அவர் இடத்தில் நின்ற உதவிக் கோச் ஷெரோன் மூர் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு கேமரா முன் தேம்பித் தேம்பி அழுதார். மூன்றையும் அணி ஜெயித்தது. ஜனவரியில் தேசிய சாம்பியனும் ஆனது. அதே மாதம் ஹார்பா தொழில்முறை லீகில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார்.

என்சிஏஏ தீர்ப்பு 2025 ஆகஸ்டில்தான் வந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் அபராதம். ஹார்பாவுக்குப் பிறகு தலைமைக் கோச்சான மூர், ஸ்டேலியன்ஸுடன் பேசிய 52 குறுஞ்செய்திகளை அழித்திருந்தார். அவருக்குச் சில ஆட்டங்கள் தடை. பல வருடங்களுக்குப் பெரிய ஆட்டங்களிலிருந்து அணியை விலக்குவதே நியாயம் என்றும், ஆனால் அது இப்போதைய மாணவர்களைத் தண்டிப்பதாகிவிடும் என்றும் சொல்லி குழு அதை விட்டுவிட்டது. 1951இன் பையன்களுக்குக் கிடைக்காத சலுகை அது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஹார்பாவுக்கு 10 வருடத் தடை. அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரி அணியும் அவரை வேலைக்கு எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். தொழில்முறை லீகுக்கு இது பொருந்தாது. அவர் மேல் ஏற்கெனவே வேறொரு வழக்கில் 4 வருடத் தடை இருப்பதால், இது தொடங்குவதே 2028 ஆகஸ்ட் 7ஆம் தேதிதான்.