முதியோருக்குக் குடல்வால் அழற்சி: வலி வேறிடத்தில் தோன்றினால் கண்டறிவது எப்படி?

வலப்பக்க அடிவயிற்றில் கடும் வலி, காய்ச்சல், வாந்தி ஆகிய மூன்றுமே குடல்வால் அழற்சியின் அடையாளங்களாகப் பரவலாக அறியப்பட்டுள்ளன. 10 முதல் 30 வயது வரையிலானோரையே அப்பெண்டிசைடிஸ் எனப்படும் இந்நோய் அதிகம் தாக்குவதால், அந்த அடையாளங்களும் அவர்களையே ஒட்டி அமைந்தவை. 60 வயதைக் கடந்த ஒருவருக்கு, அதிலும் குடல்வால் வழக்கத்துக்கு மாறான இடத்தில் இருந்தால், மூன்றில் ஒன்றுகூட இல்லாமலும் போகலாம்.

பெருங்குடலின் தொடக்கப் பகுதியிலிருந்து விரல்போல நீண்டிருக்கும் சிறு குழாயே குடல்வால். அதன் அடிப்பகுதி ஏறத்தாழ நிலையான இடத்தில் இருக்கும். நுனியோ எத்திசையிலும் திரும்பியிருக்கலாம். தொப்புளையும் வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனையையும் இணைக்கும் கோட்டில், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவிலுள்ள புள்ளியை அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-ஆம் ஆண்டு சுட்டிக்காட்டினார். அவ்விடத்தை அழுத்திப் பார்ப்பது இன்றும் வழக்கம். நுனி வேறிடத்தில் இருப்பவருக்கு அங்கு வலி இல்லாதிருக்கலாம்.

பெருங்குடலுக்குப் பின்னால் குடல்வால் மறைந்திருந்தால் வலி விலாவின் கீழோ முதுகுப்புறமோ தோன்றி, சிறுநீரகக் கல்லோ என்று எண்ண வைக்கும். வலக்காலைப் பின்னோக்கி நீட்டும்போது வலி கூடுவது இதற்கு ஒரு துப்பு. கல்லீரலுக்குக் கீழே இருந்தால் பித்தப்பை நோயைப் போலத் தெரியும். உறுப்புகள் இடவலமாக மாறிப் பிறந்தோருக்கு இடப்பக்கத்திலேயே வலிக்கும். தொடை இடுக்கிலுள்ள குடலிறக்கப் பைக்குள் குடல்வால் நுழைந்துவிடுவதும் உண்டு. லண்டனில் 1735-ஆம் ஆண்டு கிளாடியஸ் அமியாண்ட் 11 வயதுச் சிறுவனுக்குச் செய்த, வெற்றி பெற்ற முதல் குடல்வால் அகற்றமாகப் பதிவான சிகிச்சையே அத்தகையதுதான்.

இவற்றுள் பெரிதும் ஏமாற்றுவது இடுப்புக்குழிக்குள் இறங்கிய குடல்வால். அது சிறுநீர்ப்பையை உரசும்போது அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். பரிசோதனையில் சில வெள்ளணுக்களும் தென்படலாம். முதியோருக்குச் சிறுநீர்த் தொற்று சாதாரணம் என்பதால், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம். மாத்திரை வலியைச் சற்றுத் தணிக்க, உள்ளே சீழ் கட்டுகிறது.

வயதும் அறிகுறிகளை மங்கச் செய்கிறது. தளர்ந்த வயிற்றுத் தசை இறுகுவதில்லை. நீரிழிவு, ஸ்டீராய்டு, மூட்டுவலிக்காக அன்றாடம் உட்கொள்ளும் வலிநிவாரணி ஆகியவை வலியையும் காய்ச்சலையும் மறைக்கின்றன. இரத்த வெள்ளணுக்கள் இயல்பான அளவிலேயே இருக்கக்கூடும். 1986-ஆம் ஆண்டு வெளியான அல்வராடோ மதிப்பீட்டின் 10 மதிப்பெண்களில் 4 வலப்பக்க அடிவயிற்று வலியையும், 3 வெள்ளணுக்களையும், 1 காய்ச்சலையும் சார்ந்தவை. இவை அனைத்தும் தவறக்கூடிய ஒருவருக்குக் குறைந்த மதிப்பெண் வருவதில் வியப்பில்லை. அதை மட்டும் வைத்து நோய் இல்லை என முடிவு செய்வது ஆபத்தானது.

நம் நாட்டில் முதலில் செய்யப்படுவது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. குடலில் வாயு நிறைந்திருந்தாலோ, குடல்வால் பின்புறம் மறைந்திருந்தாலோ அது புலப்படாது. குடல்வாலைக் காண இயலவில்லை என்று அறிக்கையில் இருந்தால், அதற்கு அழற்சி இல்லை என்று பொருளல்ல. இந்த வேறுபாட்டை நோயாளியின் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது.

ஐயம் நீடித்தால் சி.டி. ஸ்கேனே தெளிவு தரும். குடல்வால் எங்கிருந்தாலும் பெரும்பாலும் அதைக் காட்டுவதுடன், குடல் அடைப்பு, பெருங்குடல் புற்றுநோய், மகாதமனி வீக்கம் போன்ற, முதுமையில் இதே வலியைத் தரும் பிற நோய்களையும் அது பிரித்துக் காட்டும். நிறமூட்டும் மருந்து செலுத்துவதற்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்க்கப்படும். சிறுநீரகம் பலவீனமாக இருப்பின் அம்மருந்து இன்றியும் ஸ்கேன் எடுக்கலாம். இளையோருக்குக் கதிர்வீச்சை எண்ணித் தயங்குவதுபோல் முதியோருக்குத் தயங்க வேண்டியதில்லை.

முதியோருக்குக் குடல்வால் வெடிக்கும் வாய்ப்பு இளையோரைவிடக் கணிசமாக அதிகம். தாமதம் அதை மேலும் கூட்டுகிறது. எனவே ஒரு நாளுக்கு மேல் வயிற்றுவலி நீடித்து, பசியும் அற்றுப்போன முதியவரை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலை, குறிப்பாக வலிநிவாரணிகளையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும், மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

சீழ்க்கட்டியுடன் கூடிய அழற்சி அறுவை சிகிச்சையின்றி மருந்தால் குணமானாலும், 40 வயதைக் கடந்தோருக்குச் சில வாரங்கள் கழித்துப் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. குடல்வாலின் வாயை அடைத்தது ஒரு கட்டியாகவும் இருக்கலாம் என்பதே அதற்குக் காரணம்.