கம்பியும் காடும்

ஜோகூரின் பொருளியல் வரலாற்றை எழுதுவோர் மிளகையும் கேம்பியரையும் முதலில் குறிப்பிடுவர். பின்னர் வந்த ரப்பரையும் செம்பனையையும் விரித்துரைப்பர். மிளகும் கேம்பியரும் ஜோகூர் ஆற்றோரங்களில் வேரூன்றத் தொடங்கிய அதே நாள்களில், இம்மாநிலத்தின் கருவூலத்தை நிரப்பிய காட்டுப்பொருள் ஒன்றும் உண்டு. மலாய் மக்கள் அதனைக் கெத்தா பெர்ச்சா என அழைத்தனர். கண்டங்களைக் கடலடியில் இணைத்த தந்திக் கம்பிகளுள் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இப்பொருளையே போர்த்திக் கிடந்தன.

இன்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தம் கரிம வெளியேற்றத்தைக் கணக்கிட்டு அறிக்கை வெளியிடுகின்றன. இன்ன ஆண்டுக்குள் இவ்வளவு குறைப்போம் என இலக்கு வகுக்கின்றன. இஃது இக்காலத்துப் புதுமை எனப் பலரும் கருதுவர். ஆயின், ஒரு செய்தி கடல் கடந்து செல்ல இயற்கை என்ன விலை கொடுக்கிறது என்னும் வினா மிகப் பழையது. அவ்வினாவுக்கு முதற்கணக்கு எழுதப்பட்ட களங்களுள் ஒன்று ஜோகூர் நீரிணையின் இரு கரைகளாகும்.

தாபான் மரம்

கெத்தா பெர்ச்சா தரும் மரத்தைத் தாபான் என்பர். தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் பலாக்குயம் குட்டா. மலாய்த் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ ஆகிய நிலப்பகுதிகளின் மழைக்காடுகளே அதன் தாயகம். அதன் பால் காற்றுப்பட்டதும் இறுகும். வெந்நீரில் இட்டால் களிமண்போல் இளகி, விரும்பிய வடிவம் கொள்ளும். ஆறியதும் மரக்கட்டைபோல் கெட்டிப்படும். மலாய் மக்கள் பாராங் கத்திக்கு அதனால் பிடி அமைத்தனர்.

சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்காமரி 1842-ஆம் ஆண்டளவில் அத்தகைய கத்திப்பிடி ஒன்றைக் கண்டு வியந்தார். 1843-இல் அப்பொருளின் மாதிரிகள் இலண்டனை அடைந்தன. 1845-இல் இலண்டனில் இதற்கெனவே ஒரு நிறுவனம் தோன்றியது. 1847-இல் ஜெர்மானியர் வெர்னர் சீமென்ஸ், மின்கம்பியின்மேல் இதனைப் பொருத்துவாய் இன்றிப் பூசும் பொறியை அமைத்தார். 1848-இல் மைக்கேல் பாரடே, இது மின்சாரத்தைக் கசியவிடாத் தன்மையது என எழுதினார். உப்புநீர் அதனை அரிக்கவில்லை. ஆழ்கடலின் குளிரும் அழுத்தமும் அதற்கு நன்மையே செய்தன. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இதனைப் போர்த்திய கடலடிக் கம்பி வெற்றியுடன் இயங்கியது. அன்று முதல் தந்தித் தொழிலின் உயிர்நாடி மலாய்க் காட்டில் இருந்தது எனலாம்.

துமெங்கோங்கின் செல்வம்

அக்காலத்தில் ஜோகூரின் ஆட்சியுரிமை துமெங்கோங் டாயெங் இப்ராஹிமின் கையில் படிப்படியாகச் சேர்ந்துகொண்டிருந்தது. 1841-இல் துமெங்கோங்காக முறைப்படி ஏற்கப்பட்ட அவர், சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்துகொண்டே எதிர்க்கரைக் காடுகளைத் தம் ஆணைக்குள் வைத்திருந்தார். கெத்தா பெர்ச்சாவுக்கு விலை ஏறியதும், தம் குடிகளைக் கொண்டு அதனைத் திரட்டி, அவ்வணிகத்தை ஏறத்தாழத் தமக்கே உரியதாக்கிக் கொண்டார். சிங்கப்பூர் வணிகர்கள் இதனைக் குறித்து முறையிடும் அளவுக்கு அவர்தம் பிடி இறுகியிருந்தது. 1855-இல் சுல்தான் அலியுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஜோகூரின் பெரும்பகுதி அவர் வசமாயிற்று. அதே ஆண்டில் தஞ்சோங் புத்திரி என்னும் குடியிருப்பும் தோன்றியது. அதுவே 1866 முதல் ஜோகூர் பாரு எனப் பெயர் பெற்றது. புதிய ஜோகூரின் கடைக்காலுக்குத் தாபான் மரத்தின் பால் பயன்பட்டது என்பது மிகையன்று.

ஆயின் அப்பால் எவ்வாறு எடுக்கப்பட்டது? தோட்டப்புறத்துத் தமிழர் அறிந்த பால்மரத்துக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ரப்பர் மரத்தை நாள்தோறும் சீவலாம். பால் ஓடிவந்து கோப்பையில் விழும். மரம் பல்லாண்டு வாழும். தாபான் மரத்திலோ பால் உடனே உறைந்துவிடும். நிற்கும் மரத்தைச் சீவினால் கிடைப்பது சிறிதளவே. ஆகவே மரத்தை அடியோடு வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி, கசிந்து உறைந்ததைச் சுரண்டி எடுத்தனர். அவ்வாறு செய்தும் மரத்திலிருந்த பாலில் பெரும்பகுதி பட்டையிலும் இலையிலுமே தங்கிவிட்டது. வீழ்ந்த மரம் காட்டிலேயே கிடந்து மட்கியது.

மரம் எண்ணிய மருத்துவர்

இந்த அழிவை எண்ணால் குறித்தவர், சிங்கப்பூரில் இருந்த மற்றொரு மருத்துவரான தாமஸ் ஆக்ஸ்லி. 1847-இல் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் நடத்திய இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 1845 சனவரி முதல் 1847 நடுப்பகுதி வரை சிங்கப்பூரிலிருந்து ஏற்றுமதியான கெத்தா பெர்ச்சா 6,918 பிக்குல். ஒரு பிக்குலுக்குப் பத்து மரம் எனக் கொண்டு, 69,180 மரங்கள் பலியாயின என அவர் கணக்கிட்டார்.

அட்லாண்டிக் பெருங்கடலில் கம்பி கிடத்தப்படுவதற்குப் பதினோராண்டுகள் முன்னரே எழுதப்பட்ட கணக்கு இது. ஒரு தொழிலின் தேவையையும் அதற்கு ஈடாக அழிந்த உயிரையும் ஒரே வரியில் நிறுத்திப் பார்த்தது அக்கட்டுரையின் சிறப்பு. ஆயினும் அக்கணக்கின் அடியில் ஒரு குறை இருந்தது. ஒரு பிக்குல் 133⅓ பவுண்டு. பத்து மரத்துக்கு ஒரு பிக்குல் என்றால் மரம் ஒன்றுக்குப் பதின்மூன்று பவுண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு பால் தரும் மரம் அரிது. வரலாற்றாசிரியர் ஜான் டல்லி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மரம் ஒன்றின் சராசரி விளைவு 312 கிராம் என்னும் அளவை எடுத்துக்கொண்டார். அஃது ஒரு பவுண்டுக்கும் குறைவு.

ஒரு கம்பி, இரு கணக்கு

இவ்விரண்டு அளவுகளையும் ஒரே கம்பியின்மேல் வைத்துப் பார்ப்போம். 1858-இல் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே கிடத்துவதற்காகச் செய்யப்பட்ட கம்பி சுமார் 2,500 கடல் மைல் நீளமுடையது. கடல் மைல் ஒன்றுக்கு 261 பவுண்டு கெத்தா பெர்ச்சா அதில் போர்த்தப்பட்டது. மொத்தம் 6,52,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 291 டன். ஆக்ஸ்லியின் அளவுப்படி இதற்கு வீழ்ந்த மரங்கள் 49 ஆயிரம். டல்லியின் அளவுப்படி ஒன்பது இலட்சத்து 48 ஆயிரம்.

கம்பி ஒன்றே, எடை ஒன்றே, மரக்கணக்கோ இருபது மடங்கு வேறுபடுகிறது. எந்த அளவுகோலைத் தேர்ந்தோம் என்பதே விடையைத் தீர்மானித்துவிடுகிறது. அக்கம்பி வழியே 1858 ஆகஸ்ட் 16 அன்று விக்டோரியா அரசியின் 98 சொல் கொண்ட வாழ்த்து அமெரிக்கா சென்றது. அது போய்ச்சேரப் பதினாறு மணி நேரத்துக்கு மேலாயிற்று. செப்டம்பர் தொடக்கத்தில் கம்பி ஊமையாகிவிட்டது. 1866-இல் நிலையான கம்பி அமைந்தபோது, கடல் மைல் ஒன்றுக்கு 400 பவுண்டு கெத்தா பெர்ச்சா தேவைப்பட்டது.

தமிழர்க்கும் இவ்வலையில் தொடர்பு உண்டு. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி இயங்கத் தொடங்கியது. அதுவரை கப்பலில் நாள்கணக்காகப் பயணம் செய்த செய்தி, வங்கக் கடலின் அடியில் நிமிடங்களில் ஓடியது. சென்னைத் துறையில் கரையேறிய அக்கம்பியின் மேலுறை, ஒரு காலத்தில் கீழைக்காடு ஒன்றில் மரமாக நின்றது.

ஏட்டில் இல்லாத பத்தி

தந்தி நிறுவனங்கள் கணக்கில் தேர்ந்தவை. எத்தனை மைல் கம்பி, எத்தனை செய்தி, எத்தனை பழுது, பங்குதாரர்க்கு எவ்வளவு ஆதாயம் என்பனவற்றை அவை வழுவின்றி எழுதின. மரத்துக்கென ஒரு பத்தியை வகுக்க வேண்டிய தேவையை அவை உணரவில்லை. அதற்குக் காரணம் கொள்முதல் சென்ற வழியே. தந்தி நிறுவனம் கம்பியை இலண்டனிலுள்ள கம்பிச் சாலையிடம் வாங்கியது. கம்பிச்சாலை கெத்தா பெர்ச்சாவைத் தரகரிடம் வாங்கியது. தரகர் சிங்கப்பூர் வணிகரிடம் வாங்கினார். வணிகர் ஆட்சியாளரின் ஆள்களிடமும் ஊர்ச் சிறுவணிகரிடமும் வாங்கினார். அவர்கள் காட்டில் கோடரி பிடித்த பூர்வகுடியினரிடம் வாங்கினர். ஒவ்வொரு கையிலும் விலை மட்டுமே மாறியது; மரம் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. சிங்கப்பூரில் பால்தரும் தாபான் மரங்கள் 1850-களிலேயே அற்றுப்போயின. வெட்டுவோர் தீபகற்பத்தின் உட்புறத்துக்கும், சுமத்திராவுக்கும், போர்னியோவுக்கும் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கடலடிக் கம்பிகள் சுமார் 27,000 டன் கெத்தா பெர்ச்சாவை உண்டன என்றும், அதற்கு ஏறத்தாழ எட்டுக் கோடியே 80 இலட்சம் மரங்கள் வேண்டியிருந்திருக்கும் என்றும் டல்லி மதிப்பிடுகிறார்.

மரத்தைக் கொல்லாமல் இலையிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் முறையும், 1885-இல் டச்சுக்காரர் சாவகத்தில் சிபெத்திர் என்னுமிடத்தில் தொடங்கிய தோட்டமும் காலந்தாழ்ந்து வந்த மருந்துகள். 1933-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலித்தீன் இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்பித் தொழிலில் புகுந்தது. 1956-இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கம்பி பாலித்தீன் போர்த்தியதே. எஞ்சிய தாபான் மரங்களைக் காத்தது நிறுவனங்களின் கணக்குணர்வு என்று சொல்வதற்கில்லை. பெட்ரோலியத்தின் வழிவந்த ஒரு மாற்றுப்பொருள் அவற்றைத் தேவையற்றனவாக்கியது.

இன்றைய ஏடுகள்

இன்று அந்தப் பத்தி வகுக்கப்பட்டுள்ளது. 2001-இல் வெளிவந்த பசுங்குடில் வாயுக் கணக்கு நெறிமுறை, ஒரு நிறுவனத்தின் வெளியேற்றத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்தது. தானே எரிக்கும் எரிபொருள் முதல் வட்டம். வாங்கும் மின்சாரம் இரண்டாவது. வாங்கும் பொருள்களுக்குப் பின்னாலும் விற்ற பொருள்களுக்கு முன்னாலும் உள்ள யாவும் மூன்றாவது. இம்மூன்றாம் வட்டத்துக்குரிய தனி நெறி 2011-இல் வந்தது. 1858-இல் இந்நெறி இருந்திருப்பின், ஜோகூர்க் காட்டில் நிகழ்ந்தது இம்மூன்றாம் வட்டத்தின் எல்லைக்குள் வந்திருக்கும்.

2020-இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் அதனுடன் ஒத்துழைத்த அமைப்புகளும், தகவல் தொடர்புத் துறை 2020-க்கும் 2030-க்கும் இடையே தன் வெளியேற்றத்தை 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என வழிகாட்டின. டெலிகோம் மலேசியா 2050-ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழிய நிலையை அடைவதை இலக்காக அறிவித்துள்ளது. 2024 செப்டம்பரில் மலேசியா தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பை வெளியிட்டது. பெரிய பொதுப்பங்கு நிறுவனங்கள் 2025 முதல் அதன்படி அறிக்கை தரலாயின. மூன்றாம் வட்டக் கணக்குக்கு மட்டும் கூடுதல் கால அவகாசம் தரப்பட்டது. கடினமான பத்தி அன்றுபோல் இன்றும் கடைசியாகவே நிரப்பப்படுகிறது.

ஜோகூர் மீண்டும் களமாகியுள்ளது. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு இடைநிறுத்தம் விதித்திருந்தது. அவற்றை நாடிய முதலீடு நீரிணையைக் கடந்து ஜோகூரை அடைந்தது. 2024-இல் டெலிகோம் மலேசியாவும் சிங்டெல் குழுமமும் இஸ்கந்தர் புத்திரியில் தரவு மையம் ஒன்றை அமைக்க இணைந்தன. அதன் தொடக்கத் திறன் 64 மெகாவாட்; 200 மெகாவாட் வரை விரியக்கூடியது. 64 மெகாவாட் ஓராண்டு முழுத்திறனில் இயங்கினால் 56 கோடி யூனிட் மின்சாரம் செலவாகும். இத்தகைய மையங்கள் பல எழுவதால் மின்சாரமும் நீரும் போதுமா என்னும் கவலை பிறந்தது. அதே ஆண்டில் மாநில அரசு விண்ணப்பங்களை ஆராய ஒரு குழுவை அமைத்து, அவற்றுள் சிலவற்றை மறுத்தும் விட்டது.

ஆக்ஸ்லி எதிர்கொண்ட அளவுகோல் சிக்கலும் மீண்டு வந்துள்ளது. 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, வாங்கும் மின்சாரத்தை இருவகையாகக் கணக்கிடலாம். மையம் அமைந்த இடத்து மின்கட்டமைப்பின் இயல்பைக் கொண்டு கணக்கிடுவது ஒன்று. நிறுவனம் விலைகொடுத்துப் பெற்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களைக் கழித்துக் கணக்கிடுவது மற்றொன்று. தீபகற்ப மின்கட்டமைப்பில் நிலக்கரியும் இயற்கை எரிவாயுவுமே பெரும்பங்கு வகிக்கின்றன. எனவே முதல் முறையில் பெரிதாகத் தோன்றும் எண், இரண்டாம் முறையில் சுழியமாகவும் ஆகலாம். மின்சாரம் ஒன்றே, கணக்கு இரண்டு. இதனை உணர்ந்தே 2023-இல் வெளிவந்த அனைத்துலக அறிக்கை நெறி, இடம் சார்ந்த கணக்கை மறைக்காது வெளியிடவேண்டும் என விதித்தது.

கணக்கு வைப்பதே பயனற்றது என்று இதனால் முடிவு கட்டுதல் தவறாகும். ஆக்ஸ்லியின் எண் பிழையுடையது; எனினும் அவர் எழுதி வைத்ததாலன்றோ பின்வந்தோர் அதனைத் திருத்த முடிந்தது! எழுதப்படாத கணக்கைத் திருத்த எவராலும் இயலாது. ஆகவே ஓர் அறிக்கையைக் கையிலெடுக்கும் மாணவன் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும். எந்த ஆண்டை அடிப்படையாகக் கொண்டு குறைவு காட்டப்படுகிறது? எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது? எந்தக் கையோடு கணக்கு நின்றுவிடுகிறது? தந்தி நிறுவனங்களிடம் மூன்றாம் வினாவைக் கேட்பார் இல்லாமற்போனதால் தாபான் காடு அழிந்தது. அவ்வினாவை இன்று கேட்பதற்குரிய ஏடுகளேனும் நம்மிடம் உள்ளன.