பதினொன்றை வென்ற ஒன்று



வீட்டோ என்பது இலத்தீன் சொல். 'தடுக்கிறேன்' எனப் பொருள்படும். பழைய போலந்து நாடாளுமன்றத்தில் இவ்வுரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் இருந்தது. 1652-ஆம் ஆண்டில் தனியொருவரின் மறுப்பால் கூட்டத்தொடர் நீட்டிப்பே தடைப்பட்டது. பிற்காலத்தில் ஒருவர் மறுத்தால் அத்தொடரில் இயற்றிய சட்டங்கள் யாவும் செல்லாதவையாயின. அண்டை அரசுகளுக்கு அது பெருவாய்ப்பாயிற்று. ஓர் உறுப்பினருக்குக் கையூட்டு அளித்தாலே போதுமன்றோ! 1791 மே 3-இல் இம்முறையை ஒழித்தனர். காலம் கடந்துவிட்டது. 1795-இல் போலந்து நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது.

1945-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கியோர் தடுப்புரிமையை ஐந்து வல்லரசுகளுக்கு மட்டும் ஒதுக்கினர். பாதுகாப்பு மன்றத்தின் 15 உறுப்பினர்களுள் ஒன்பதின்மர் ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறும். ஐவருள் ஒருவர் மறுத்தாலோ வீழும்.

இவ்விதி நம் மலேசியர்களுக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2014 சூலை 17-இல் எம்.எச்.17 வானூர்தி கிழக்கு உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மாண்ட 298 பேருள் 43 பேர் மலேசியர். குற்றவாளிகளை விசாரிக்க அனைத்துலகத் தீர்ப்பாயம் வேண்டுமென, அப்போது மன்றத்தில் இடம்பெற்றிருந்த மலேசியா 2015 சூலை 29-இல் தீர்மானம் கொணர்ந்தது. பதினொரு நாடுகள் ஆதரித்தன. சீனா, அங்கோலா, வெனிசுவேலா ஆகியன எப்பக்கமும் சாரவில்லை. உருசியா மட்டும் மறுத்தது. தீர்மானம் வீழ்ந்தது. 'பதினொன்றைவிட ஒன்று பெரிதா, ஐயா?' என மாணவர் வினவினால், அம்மன்றத்தில் ஆம் என்றே விடையளிக்க வேண்டியிருக்கிறது.

நம் ஆசியானில் வாக்கெடுப்பே இல்லை. கலந்துபேசி ஒத்த கருத்துக்கு வருவதே மரபு. முகம் கோணாமல் பேச இது உதவும். ஆனால் 2012-இல் புனோம் பென்னில் தென்சீனக் கடல் பற்றிக் கருத்து ஒன்றாமையால், 45 ஆண்டுகளில் முதன்முறையாக வெளியுறவு அமைச்சர்கள் கூட்டறிக்கையின்றிக் கலைந்தனர்.

எம்.எச்.17 வழக்கு வேறு வாயில்களைத் தட்டியது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு, அவர்கள் நேர்நில்லாத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பை நாடின. 36 நாடுகள் கொண்ட அதன் அவையில் பெரும்பான்மையே முடிவு. எவருக்கும் வீட்டோ இல்லை. உருசியா தன் கடப்பாட்டை மீறியதென 2025 மே மாதம் அவ்வவை முடிவு செய்தது. பொறுப்பை மறுத்துவரும் உருசியா, அதே ஆண்டில் அனைத்துலக நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.