கொட்டியாரக் கரை – 7: புளியமரத்தடியில் எட்டுப் பேர்

சென்ற வாரம் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து கரையோரமாக வடக்கே போனால் இலக்கந்தை வரும். அதற்கப்பால் நிலம் மேற்கே திரும்பி, சம்பூரையும் தாண்டி, கொட்டியாரக் குடாவுக்குள் நம்மைக் கொண்டுபோய்விடும். குடாவின் வடகரையில் திருகோணமலை, தென்கரையில் மூதூர். மகாவலி கடலில் விழுவதும் இந்தக் குடாவில்தான். இன்று கொட்டியாரப்பற்று என்று நாம் சொல்லும் நிலம் முழுவதற்கும் அந்நாளில் வாசல் இதுவே. கண்டி அரசனுக்கும் கிழக்குக் கடலுக்குமான வாசல்களில் ஒன்றும் இதுவே.

அந்த வாசலைப் பலர் தட்டியிருக்கிறார்கள். 1612இல் கண்டி அரசன் செனரத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஒல்லாந்தர் கொட்டியாரத்தில் ஒரு சிறு கோட்டை எழுப்பினர். போர்த்துக்கேயர் வந்து அதை அழித்தனர். 1620இல் டென்மார்க்கிலிருந்து கப்பல்கள் வந்தன. பிறகு போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே திருகோணமலையில் கோட்டை கட்டினர். 1639இல் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து அதைப் பிடித்தனர். சேர்ந்து பிடித்தவர்கள் சேர்ந்திருக்கவில்லை. 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாகி, போர்த்துக்கேயர் தீவைவிட்டே போன பிறகு, கண்டி அரசனுக்கு எஞ்சிய பெரும் பகைவர் ஒல்லாந்தர்தான். கரையில் வெள்ளைத் தோலோடு யார் இறங்கினாலும் அவனுக்குச் செய்தி போக வேண்டியிருந்த காலம் அது.

அந்த நேரத்தில்தான் பாய்மரம் இழந்த ஒரு கப்பல் குடாவுக்குள் நுழைந்தது.

கப்பலின் பெயர் ‘ஆன்’. இங்கிலாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் வந்தது. கப்பித்தான் றொபேட் நொக்ஸ். அவருடன் வந்த மகனுக்கும் அதே பெயர், வயது 19. ஊருக்குத் திரும்புவதற்காக மசூலிப்பட்டினத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, 1659 நவம்பர் 19ஆம் தேதி பெரும்புயல் அடித்தது. பல கப்பல்கள் அழிந்தன. ‘ஆன்’ தப்ப வேண்டுமானால் நடுப் பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ள வேண்டியிருந்தது; தள்ளினார்கள். மொட்டையாக நின்ற கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவே தோது என்று சென்னைக் கோட்டையில் இருந்த கம்பனி முகவர் தோமஸ் சேம்பர்ஸ் முடிவு செய்தார். மரம் நாட்டும் நாள்கள் வீணாகாதபடி, பரங்கிப்பேட்டை வணிகர் சிலரையும் அவர்களுடைய துணி மூட்டைகளையும் ஏற்றி அனுப்பினார்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர்களுக்கும் கொட்டியாரத்துச் சனத்துக்கும் பேச்சு எந்த மொழியில் நடந்திருக்கும்? தமிழில்தான் நடந்திருக்க வேண்டும். ஆங்கிலேயரோடு இதற்குமுன் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஊர் இது. அந்த ஊர் வந்தவர்களை நம்பியதற்கு, நடுவே நின்ற அந்தத் துணி வணிகரின் நாவுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். இந்தக் கதையைச் சொல்வோர் அவர்களை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில் இறங்கியவர்கள் வணிகர்கள். மாலுமிகள் அஞ்சியபடியேதான் கரைக்கு வந்தார்கள். பின் வருவதும் போவதுமாக ஏறத்தாழ இருபது நாள் கழிந்தது. ஒருவரும் அவர்களைத் தொடவில்லை. ஊர்ச்சனம் காசை வாங்கிக்கொண்டு அன்பாக உபசரித்தது என்று மகன் நொக்ஸ் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். காலக்கணக்குப் பார்த்தால் அது மாரிப்போக அறுவடை முடியும் பருவம். சூடடித்து, களவெட்டியிலிருந்து நெல் வீடு வரும் நாள்கள். ஆற்றில் மீன், பட்டியில் மாடு, பானையில் தயிர். மூதூர்ப் பக்கத்தில் இன்றும் பங்குனியில் போய் நின்றால் கண்ணில் படுவது இவைதான். பல மாதங்களாக உப்புக் காற்றையே உண்டு வந்தவர்களுக்கு அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்குள் செய்தி மலைக்குப் போய்விட்டது. புதிதாக வருபவர் காணிக்கையோடும் மடலோடும் அரசனுக்கு முகம் காட்ட வேண்டும் என்பது கண்டியின் வழக்கம். ‘ஆன்’ கப்பலிலிருந்து இரண்டும் போகவில்லை. வந்தவர்களின் நோக்கம் அறியாத இராசசிங்கன், படையோடு ஒரு திசாவையை, அதாவது தன் மாகாண அதிகாரி ஒருவனை, அனுப்பினான்.

திசாவை கடற்கரைக்கு வரவில்லை. சுமார் பன்னிரண்டு மைல் உள்ளே தங்கிக்கொண்டு, அரசரின் கடிதம் இருக்கிறது, கப்பித்தான் வரட்டும் என்று ஆள் விட்டான். கப்பலில் பீரங்கி முழங்கி அந்தச் செய்திக்கு மரியாதை செய்தார்கள். கப்பித்தான் தான் போகாமல் மகனையும் கப்பலின் வணிகர் ஜோன் லவ்லண்டையும் அனுப்பினார். திசாவை இனிமையாகப் பேசினான். ஆங்கிலேயர் வந்ததில் அரசருக்கு மகிழ்ச்சி, வேண்டிய உதவி செய்யும்படி கட்டளை, ஆனால் கடிதத்தைக் கப்பித்தான் கையில் மட்டுமே கொடுக்கலாம். இன்று தங்குங்கள், நாளைக் காலையில் சேர்ந்தே கடற்கரைக்குப் போகலாம் என்றான். தங்கினார்கள்.

மாலையில் அவனுடைய தலைவர் இருவர் வந்தனர். இரவே கப்பித்தானுக்கு அன்பளிப்புப் போகிறது, விரும்பினால் நீங்களும் கடிதம் கொடுக்கலாம் என்றனர். அப்போதுதான் இருவருக்கும் ஐயம் எழுந்தது. அதனால் எழுதினார்கள்: எங்களைக் காணும்வரை நீங்களும் கரைக்கு வர வேண்டாம், வேறு யாரையும் அனுப்பவும் வேண்டாம்.

அந்தக் கடிதம் கப்பலுக்குப் போய்ச் சேரவேயில்லை.

காலையில் கடற்கரைக்கு மாடுகளும் பழங்களும் வந்தன. உங்கள் மகன் திசாவையோடு வந்துகொண்டிருக்கிறார், கரையில் காத்திருங்கள் என்ற சொல்லும் வந்தது. 1660 ஏப்ரல் மாதம். கப்பித்தான் ஏழு பேருடன் படகில் சிற்றாறு வழியே உள்ளே வந்து, ஒரு புளியமரத்தடியில் அமர்ந்தார். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. வீரர்கள் ஓசைப்படாமல் சுற்றி வளைத்தார்கள். அடிக்கவில்லை, பொருளைப் பறிக்கவும் இல்லை. எட்டுப் பேரும் திசாவை இருந்த ஊருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறுநாள் பாய்மரத்துக்குத் துணைக்கட்டை வெட்ட இறங்கிய பெரிய படகுக்காரர்களும் சிக்கினார்கள். அவர்கள் திமிறியதால் பிடியும் முரட்டுப் பிடியாக இருந்தது. ஆகப் பதினெட்டுப் பேர், இரண்டு படகுகள்.

மூதூரார் அந்த மரத்தை ‘வெள்ளைக்காரன் மரம்’ என்றார்கள். 1893இல் ஆங்கிலேயர் அங்கே ஒரு கல்லும் நாட்டினார்கள். கல்லில் கப்பித்தானின் பெயர் இருக்கிறது. இருபது நாள் சோறு போட்ட ஊரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஊரார் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமற்றது. பிடித்தது அரசனின் படை. வந்தவர்கள் எங்காவது போய்விடலாம். வயலும் வாடியும் வைத்திருப்பவன் அரசன் ஆளை எதிர்த்துவிட்டு எங்கே போவான்? தங்களை நம்பி வந்த விருந்தினர் தங்கள் கண்முன்னே கொண்டுபோகப்பட்டதைப் பார்த்து நின்றவர்களும் இந்தக் கதையில் இழந்தவர்களே. அவர்களில் ஒருவர் பெயரையும் எவரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

திசாவைக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது: கப்பல். அதை ஆற்றுக்குள் கொண்டுவரக் கட்டளை அனுப்பும்படி கப்பித்தானை நெருக்கினான். மகனே நேரில் போகட்டும் என்று தந்தை ஏற்பாடு செய்தார். மகனிடம் அவர் சொல்லி அனுப்பிய செய்தி வேறு. நங்கூர வடங்களுக்குச் சங்கிலி பூட்டுங்கள், பீரங்கிகளுக்குக் குண்டு ஏற்றுங்கள், இருட்டிய பின் எந்தப் படகையும் அண்டவிடாதீர்கள். உயிரும் விடுதலையும் வேண்டுமானால் விழித்திருங்கள்.

பிறகு மகனிடம் சத்தியம் கேட்டார். என்னை இந்த நிலையில் விட்டுப் போகாதே, என் ஆசியின் மேல் ஆணை, இறுதி நாளில் இறைவன் முன் நீ பதில் சொல்ல வேண்டும், திரும்பி வா. மகன் வாக்குக் கொடுத்தான்.

படகு கப்பலை அடைந்தது. பத்தொன்பது வயது இளைஞன் ஏறி, துணைத்தலைவர் ஜோன் பர்ஃபோர்டிடம் தந்தையின் சொல்லை ஒன்று விடாமல் ஒப்புவித்தான். சங்கிலிகள் பூட்டப்பட்டன. பீரங்கிகள் நிறைந்தன. கப்பலில் இருந்தவர்கள் கூடிப் பேசி, கப்பித்தானே கட்டளையிட்டாலும் கப்பலை உள்ளே கொண்டுவர மாட்டோம் என்று திசாவை பார்ப்பதற்காக ஒரு கடிதம் எழுதினார்கள். கப்பல் தப்பியது. அந்தக் கடிதத்தைக் கரைக்குக் கொண்டுபோக ஒருவன் வேண்டும். போகிறவன் திரும்ப மாட்டான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இளைய நொக்ஸ் அப்போது ஆங்கிலேயரின் கப்பலில், ஆங்கிலேயரின் பீரங்கிகளுக்குப் பின்னால் இருக்கிறான். அவனை யாரும் பலவந்தமாக இறக்க முடியாது. கடிதம் அவன் கைக்கு வந்தது.

(அடுத்த வாரம்: படகில் இறங்கியது யார்?)