நிழலோடையும் நிழற்படமும்



1895ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28ஆம் நாள் பாரிஸ் நகரிலே லூமியேர் சகோதரர் தம் சலனப்படங்களைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டினர். சினிமாவின் பிறந்தநாள் அதுவேயெனப் பலர் கொள்வர். அன்று காட்டப்பட்ட பத்துக் குறும்படங்களுள் ஒன்றின் பெயர் ‘பொன்மீன் பிடித்தல்’. கண்ணாடிக் கிண்ணமொன்றில் நீந்தும் மீன்களைக் கைக்குழந்தையொன்று எட்டிப் பிடிக்க முயல்கிறது, படம் அவ்வளவே. எனினும் மீன்பிடித்தலைப் படமாக்க விரும்புவோனுக்கு வேண்டிய மூன்று வசதிகளும் அங்கே கிட்டியிருந்தன: நல்ல பகலொளி, தெளிந்த நீர், ஓடி மறைய வழியற்ற மீன்.

இம்மூன்றும் கிட்டாத ஓரிடத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அது, இருமருங்கும் மரங்கள் கவிந்து முட்புதர் மூடிய சிற்றோடை. அங்கே வாழும் மீன் ட்ரவுட். நம் நாட்டு நேயர்களுக்கு, சிறப்பாக நுவரெலியாப் பகுதியில் வாழ்வோருக்கு, இம்மீன் முற்றிலும் அந்நியமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆங்கிலேயர் இதன் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து நமது மலைநாட்டு நீர்நிலைகளில் வளர்த்தனர். வட அமெரிக்காவைச் சேர்ந்த வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வேரூன்றியும்விட்டது. அவ்வோடைகளுக்கே உரிய சிறிய இறால் இனமொன்றுக்கு அதனால் நேர்ந்த கேடு தனிக்கதை. இன்றைய கதை பெரும்பாலும் பிரித்தானியாவிலே நிகழ்வது.

ட்ரவுட் மீன் நீரின்மேல் விழும் பூச்சிகளை விரும்பி உண்ணும். ஆகவே இறகையும் நூலையும் முள்ளிலே கட்டிப் பூச்சிபோல் உருவாக்கி, அதனை நீர்மேல் இடுவர். இந்தப் போலி ஈக்கு எடையென்பது பெயரளவிற்கே உண்டு; கல்லை எறிவதுபோல அதனை எறிய இயலாது. தூண்டில் நூலின் பாரமே அதனைச் சுமந்து செல்லவேண்டும். அதற்காகத் தூண்டிற்காரர் நூலைத் தம் பின்புறமாக முழுநீளம் பறக்கவிட்டு, மறுபடி முன்னே வீசுவர். அகன்ற ஆற்றிலே வெயிலில் மின்னியபடி அந்நூல் வளைந்து விரிவதைக் கண்டவர் மறவார்.

சிற்றோடையிலோ பின்புறம் நூல் பறக்க இடமேது? ஒரு கிளை போதும், ஈயும் நூலும் அதனோடு போய்விடும். அங்கே மீன்பிடிப்பவன் மண்டியிட்டுத் தவழ்ந்து செல்கிறான். குறுகிய கோலை நீட்டி, முள்ளின் வளைவை விரல்நுனியிற் பற்றிப் பின்னே இழுக்கிறான்; கோல் வில்லாக வளைகிறது; விரலை விட்டதும் ஈ அம்புபோல் கிளைகளுக்கடியிற் பாய்ந்து நீரிலே விழுகிறது. ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். பார்ப்பதற்கு அழகான காட்சியென்று இதனைச் சொல்லமுடியாது. திரைப்படமோ அழகைத் தேடிச் சென்றது. ஆதலினால் உலகம் அகன்ற ஆற்றையே அறிந்தது. சிற்றோடைக்காரனுடைய கலை பன்னெடுங்காலம் படத்தின் ஓரத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

ஆயினும் ட்ரவுட்டை மறைந்திருந்து பார்க்கும் முயற்சி கமராவுக்கு முந்தியது. ஆல்பிரட் ரொனால்ட்ஸ் என்பார் இங்கிலாந்திலே ஸ்டபோர்ட்ஷயர்ப் பகுதியில் பிளித் என்னும் சிற்றாற்றின் கரையில் எண்கோண வடிவிலே ஒரு குடில் அமைத்தார். அதன் சாளரத்தருகே அமர்ந்து கீழே நிற்கும் மீன்களை நாட்கணக்கிற் கவனித்தார். இறந்த வீட்டு ஈக்களிலே தேனையும் கடுகையும் மிளகாய்த்தூளையும் தடவி, குழாய்மூலம் ஊதி நீரில் விழச்செய்து, மீன் உண்கின்றதா என்று பார்த்தார். மீன் உண்டது! குடிலுக்குப் பின்னே மறைவாகத் துப்பாக்கி வெடிக்கச் செய்தார், மீன் அசையவில்லை. வெளிக்காற்றில் எழும் ஓசை நீருக்குள்ளே மிகச் சிறிதே புகும். 1836இல் வெளிவந்த அவருடைய நூல், தூண்டிற்காரர் பூச்சிகளை இனங்கண்டு கற்பதற்கு வழிகாட்டியாயிற்று. குடிலின் உள்ளிருந்து பார்த்த அவரை, கமரா இல்லாத ஒளிப்பதிவாளர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஓசைக்கு அஞ்சாத மீன் உருவத்துக்கு அஞ்சும். நீருக்கடியிலிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் அனைத்தும் ஒரு வட்டச் சாளரத்தினுள் ஒடுங்கித் தோன்றும். அதன் விரிவு ஏறத்தாழ 97 பாகை. ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அவ்வட்டத்தின் குறுக்களவு இரண்டேகால் அடி. அதற்கப்பால் நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் முகக்கண்ணாடியாகி, ஓடையின் தரையையே பிரதிபலிக்கும். கரையில் நிமிர்ந்து நிற்பவன் அச்சாளரத்தினுள் தெரிவான்; தாழ்ந்து குனிந்தவனோ அதன் விளிம்பிலே நசுங்கி, இருந்தும் இல்லாதவனாவான். இப்சுவிச் நகரத்து மருத்துவர் பிரான்சிஸ் வோர்ட் ஒரு குளத்தருகே நிலத்தடியில் இருண்ட அறையொன்று கட்டி, கண்ணாடிச் சுவரினூடாக மீன்களைப் படமெடுத்தார். உள்ளே இருள், வெளியே ஒளி. ஆகவே மீன் அவரைக் காணவில்லை. அப்படங்கள் 1911இல் நூலாக வந்தன.

குளத்தில் இயன்றது ஓடையில் ஏன் இயலவில்லை? இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். எனவே ஓடையின் கீழ்ப்புறமிருந்து, மீனின் முதுகுப்புறமாக, மேல்நோக்கி நெருங்கவேண்டும் என்று ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் 1857இல் வெளியிட்ட நூலிலே வற்புறுத்தினார். சிற்றோடைக்காரருக்கு இன்றும் இதுவே முதற்பாடம். ஆனால் கமராவுக்கு வேண்டியது மனிதனின் முகம். முகத்தைப் பிடிக்க முன்னே செல்லவேண்டும். முன்னே சென்றால் மீனின் கண்ணெதிரே நிற்கவேண்டும். பின்னே நின்றாலோ கிடைப்பது ஒரு மனிதனின் முதுகும் சில இலைகளும். ஒருவன் ஒளிவதற்கே இடம் போதாத புதரிலே இருவர் ஒளியவேண்டிய நிலை!

அடுத்த இடர் ஒளி. 1923இல் கோடக் நிறுவனம் 16 மில்லிமீற்றர்ப் படச்சுருளை வெளியிட்டது. 1935இல் வண்ணம் தரும் கோடகுரோம் வந்தது. கையிலே ஏந்திச் செல்லத்தக்க கமராக்கள் தனிமனிதருக்கும் கிட்டின. ஆனால் அக்கால வண்ணச் சுருள் மிகுந்த வெயிலை வேண்டியது. மரநிழலில் வெட்டவெளி வெளிச்சத்தின் ஒரு சிறு பங்குதானே விழும்! இலைகளினூடே புகும் வெயிற்புள்ளிகள் வெண்மையாய் எரிய, மற்றவை கருமையாய் மூழ்கிவிடும். இதற்குமேல், நூறடிச் சுருளொன்று ஓடி முடிவதற்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் நிமிடமே ஆகும். சாவி கொடுத்து ஓடும் கமராவோ அரை நிமிடத்துக்கொருமுறை மறுபடி முடுக்கப்படவேண்டும். மீன் எழும் கணத்தை யார் முன்னறிவார்? சுருளை ஓடவிட்டுக் காத்திருந்தால் மீன் எழுவதற்குள் சுருள் தீர்ந்துவிடும். மீன் எழுந்தபின் பொத்தானை அழுத்தினால் நீர்வளையம் மட்டுமே பதியும். கமராவின் கிறுகிறுப்பினால் மீன் கலையாது என்பது ஒன்றே ஆறுதல். அதனை ரொனால்ட்ஸின் துப்பாக்கி எப்பொழுதோ மெய்ப்பித்துவிட்டது.

மூன்றாவது இடர் நீரின் பளபளப்பு. மேற்பரப்பில் வானம் பிரதிபலிக்க, அதன்கீழே மீன் மறைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட சரிவிலே தெறிக்கும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அமையும் என்பதை டேவிட் புரூஸ்டர் 1815இல் விளக்கினார். நீரைப் பொறுத்தவரை, பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகையிலே நோக்கும்போது இது நிகழும். அவ்வொளியைத் தடுக்கும் மெல்லிய தகட்டுக்கு எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்கர் 1929இல் காப்புரிமை கோரினார். பின்னர் போலரொயிட் எனப் பெயர்பெற்றது அதுவே. அதனை வில்லையின் முன்னே பொருத்தினால் திரை விலகியதுபோல் மீன் தெரியும். ஆனால் அத்தகடு வரும் ஒளியிற் பாதிக்குமேல் விழுங்கிவிடும். வெயில் பொழியும் ஆற்றிலே அது பெரிய இழப்பன்று. நிழலோடையிலோ, இருக்கும் சிறு கைம்முதலிற் பாதியை வட்டிக்காரனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆதலின் ஒளிப்பதிவாளர்கள் வெளியான இடங்களை நாடியதில் வியப்பில்லை. 1960களிலே தென் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஒலிவர் கைட் என்பார் தூண்டிற்கலையை இல்லந்தோறும் கொண்டுசென்றார். அவருடைய களமோ புல்வெளிகளினூடே ஓடும், சுண்ணக்கற் பாறையிலூறிய தெளிநீர் ஆறுகள். 1992இல் ரொபர்ட் ரெட்போர்ட் இயக்கிய ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ அவ்வழியின் சிகரம் எனலாம். அப்படத்துக்காக ஒளிப்பதிவாளர் பிலிப் ரூசலோ ஒஸ்கார் விருது பெற்றார். கதை நிகழ்வது மொன்டானா மாநிலத்தின் பிளாக்புட் ஆற்றிலே. காட்சிகள் பெரும்பாலும் கலட்டின் முதலிய வேறு ஆறுகளில் எடுக்கப்பட்டன. நடிகருக்குப் பதிலாகத் தேர்ந்த வீச்சாளர் ஒருவர் நூலை வீசினார். மீன் எதுவும் கொல்லப்படவோ காயப்படவோ இல்லை என்று படத்தின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. அழகிய படம், ஐயமில்லை. அதனைக் கண்டு ஆயிரக்கணக்கானோர் தூண்டிற்கோல் வாங்கி அகன்ற ஆறுகளுக்குச் சென்றனர். வில்போல் கோலை வளைத்துத் தவழும் மனிதனை அவர்கள் பார்த்திருந்தால் மீனவன் என்றே கருதியிருக்கமாட்டார்கள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என எண்ணியிருப்பர்.

நிலைமை மாறியது இந்த நூற்றாண்டிலேதான். தீப்பெட்டியிலும் சற்றே பெரிய, நீர் புகாத எண்மக் கமராக்கள் வந்தன. மங்கிய ஒளியிலும் அவை படம் பிடிக்கும், மணிக்கணக்கில் ஓடும், சுருள் தீருமென்ற கவலையில்லை. தூண்டிற்காரன் அதனை நெற்றியிலோ மார்பிலோ கட்டிக்கொள்கிறான். இரண்டாவது ஆள் தேவையில்லை. முன்னே நிற்பதா, பின்னே நிற்பதா என்ற வழக்கும் ஒழிந்தது. அவன் முகம் தெரிவதில்லைதான். ஆனால் அவன் கண்டதையே நாமும் காண்கிறோம்: கையின் நடுக்கம், முகத்திலுரசும் இலை, பாறையடியில் அசையும் ஒரு கரிய நிழல், திடீரென ஒரு மூக்கு. இன்னொரு கமராவைக் கல்லிடுக்கிலே நீருக்குள் வைத்துவிட்டு அகன்றால், ரொனால்ட்ஸ் குடில் கட்டித் தேடியது தானே பதிவாகிறது. வானொலிக்காரனாகிய எனக்கு அப்படங்களிலே பிடித்தது வேறொன்று. அகன்ற ஆற்றுப் படங்களில் இசை ஒலிக்கும்; இவற்றில் ஓடையின் சலசலப்பும் மனிதனின் மூச்சும் மட்டுமே பெரும்பாலும் கேட்கும்.

இப்பொழுது புதியதொரு கவலை. சிற்றோடையொன்றிலே மீன்கள் சிலவே. ஓரிடம் பலருக்குத் தெரிந்துவிட்டால், கரையும் மீனும் தாங்கமாட்டா. ஆகவே இப்படங்களை எடுப்போரிற் பலர் ஓடையின் பெயரைச் சொல்வதில்லை. பாலமோ தேவாலயக் கோபுரமோ சட்டத்தினுள் வந்துவிட்டால் அப்பகுதியை வெட்டி நீக்கிவிடுகின்றனர்.