உறுதியில் எழுதப்பட்ட அயலவர்கள்

உங்கள் வீட்டு அலுமாரியில், கடவுச்சீட்டுகளுக்குக் கீழே, ஒரு பழைய காணி உறுதி இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பல குடும்பங்கள் நகையை விற்ற பிறகும் அதைக் கைவிடவில்லை. அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

நாம் எழுதிப் பழகிய முகவரி போல அது இருக்காது. காணிக்கு ஒரு பெயர், இத்தனை பரப்பு என்று ஓர் அளவு, பிறகு எல்லைகள். கிழக்கே இன்னாருடைய வளவு, வடக்கே இன்னாருடைய தோட்டம், மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் மகளுடைய காணி. கிணற்றில் எத்தனை பங்கு, அதற்குப் போகும் வழி எது என்பதும் இருக்கும். சுற்றியிருக்கும் அயலவரின் பெயரைச் சொல்லாமல், அந்த வீடு எங்கே இருக்கிறது என்று உறுதியால் சொல்ல முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில், 1706 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அங்குள்ள மக்களின் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். தமிழ் முதலியார்கள் 12 பேர் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். 1707 இல் அது சட்டமானது. 1806 இல் ஆங்கிலேயரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதுதான் தேசவழமை. வடக்கில் சொத்து விடயங்களில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒருவர் தன் காணியை விற்க நினைத்தால், முதலில் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் சொல்ல வேண்டும். அந்தக் காணியை ஈடாகப் பிடித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்ற பிறகே வெளியாளிடம் போகலாம். 1947 இல் வந்த சட்டம் இந்த உரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் மட்டும் என்று சுருக்கியது. ஆனாலும் அடிப்படை எண்ணம் மாறவில்லை: வீடு உன்னுடையதுதான், ஆனால் உன்னுடையது மட்டுமல்ல.

அந்த வீடு பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு உரியது. தாயின் சீதனம் மகள்மாருக்குப் போவது பழைய வழக்கம். கலியாணத்தின்போது மகளுக்கு வீடோ காணியோ எழுதப்படும், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். ஒரு வளவைப் பிரித்துச் சகோதரிகளுக்குக் கொடுத்தால், பெரியம்மாவும் சின்னம்மாவும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பார்கள். நடுவில் ஒரு கிடுகு வேலி, வேலியில் ஒரு பொட்டு. கறிச்சட்டியும் கதையும் பிள்ளைகளும் அதால் போய்வருவார்கள். எங்கள் பெற்றோர் எல்லாக் கதைகளையும் "அம்மம்மா வீட்டில்" என்று தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: 1911 சட்டத்தின்படி, அந்த வீட்டை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்பட்டது.

எல்லோருடைய பெயரும் உறுதியில் வரவுமில்லை. தேசவழமையிலேயே அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் பலர் தலைமுறை தலைமுறையாகப் பிறர் காணியில் குடியிருந்தார்கள். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ள அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. ஊர் என்று நாம் பாசத்தோடு சொல்லும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

பிறகு போர் வந்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம்தான். அவர்களிடமும் உறுதிகள் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். பலர் அடுத்த ஆண்டு திரும்பினார்கள். வலிகாமம் வடக்கு மக்களுக்கு அது முடியவில்லை. அவர்களுடைய காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. திரும்பியவர்கள் பற்றைக் காட்டுக்குள் வேலியைத் தேடினார்கள். வேலி இல்லாத இடத்தில் எல்லையைச் சொல்ல ஒரு வழிதான் இருந்தது: கிணற்றையும் பக்கத்து வீட்டாரின் ஞாபகத்தையும் வைத்துக் கணக்குப் போடுவது. உறுதியில் பெயராக இருந்தவர்கள் நேரில் தேவைப்பட்டார்கள்.

இப்போது அந்தக் கேள்வி எங்களிடம் வந்திருக்கிறது. என் தாய்வழி வீட்டுக்கு ஐந்து பங்காளிகள், மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர் போடமாட்டார். கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் பல வருடங்களாக அங்கே இருந்து, முற்றம் கூட்டி, கிணறு இறைத்து, மாமரத்தைக் காப்பாற்றி வருகிறது. "பிள்ளையள் போய் இருக்கப் போறேல்லை, வித்துவிடுவம்" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். கொஞ்சக் காலத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

விற்பதா வைத்திருப்பதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தீர்மானிக்கட்டும். நான் சொல்வது அதற்கு முந்திய ஒரு வேலையை. 300 வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட அந்த விதி, யாருக்கு முதலில் சொன்னாய் என்று கேட்டது. இன்றைய சட்டம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ அங்கே குடியிருப்பவரைப் பற்றியோ கேட்காமல் விடலாம். நாங்கள் கேட்கலாம். உறுதியை எடுத்து, நான்கு எல்லையிலும் இருக்கும் பெயர்களை அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். ஒருவர் இன்னும் அதே ஒழுங்கையில் இருக்கலாம், ஒருவர் உங்கள் நகரத்திலேயே இருக்கலாம். தொலைபேசி இலக்கம் கிடைத்தால், விலை பேசுவதற்கு முன் அவர்களோடு பேசுங்கள்.